வலியவர் யார்?

உயர்தர வகுப்பு மாணவர் இருவர் சென்ற தவணையில் ஒரு வழக்கினை என் அலுவலக அறைக்குக் கொண்டு வந்தனர். றக்பி ஆடுபவன் வலியவனா, அமெரிக்க உதைபந்தாட்டம் ஆடுபவன் வலியவனா என்பதே வழக்கு. இருவரும் இவ்விரு ஆட்டங்களையும் கைப்பேசித் திரையிற் கண்டவர்களேயன்றி ஆடியவர்கள் அல்லர். முல்லைத்தீவில் உதைபந்தாட்டம் உண்டு, கரப்பந்தாட்டம் உண்டு, சடுகுடு உண்டு. றக்பியோ கண்டிக்கும் கொழும்புக்கும் உரிய ஆட்டமாகவே எம்மவர்க்குத் தோன்றுகின்றது.

"தலைக்கும் தோளுக்கும் கவசம் போட்டுக்கொண்டு ஆடுகிறவன் என்ன வீரன், சேர்?" என்றான் ஒருவன். "அந்தக் கவசம் இல்லாவிட்டால், அவன் மோதுகிற வேகத்துக்கு ஆள் தப்பமாட்டான், சேர்" என்றான் மற்றவன். மறுமொழி கூற எனக்குச் சில நாட்கள் வேண்டியிருந்தன. நான் கற்றது வரலாறும் தமிழும். விளையாட்டு விஞ்ஞானம் அன்று. ஆயினும், தேடிப் படித்தபோது, ஓர் அதிபர் முன்னமே அறிந்திருக்க வேண்டிய செய்தியொன்றும் அகப்பட்டது. அதனைப் பின்னர் கூறுவேன்.

இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். இங்கிலாந்தின் றக்பி என்னும் ஊர்ப் பாடசாலையில் 1845ஆம் ஆண்டு மாணவரே எழுதி வைத்த விதிகளிலிருந்து றக்பி ஆட்டம் பரவியது. இலங்கையில் 1879இல் கொழும்பில் அதற்கெனக் கழகம் தோன்றிற்று. 1906இல் கண்டியின் கிங்ஸ்வூட் கல்லூரியும் திரினிற்றிக் கல்லூரியும் பாடசாலைகளுக்கிடையிலான முதற் போட்டியை ஆடின. றோயல் கல்லூரியும் திரினிற்றிக் கல்லூரியும் பிறட்பி கேடயத்துக்காக 1945 முதல் பொருதி வருகின்றன. அமெரிக்காவுக்குச் சென்ற கிளையோ வேறு விதமாக வளர்ந்தது. யேல் பல்கலைக்கழகத்து வோல்ற்றர் காம்ப் என்பவரின் முயற்சியால் 1880களில், இரு பக்கத்தாரும் பந்துக்காக முண்டும் முறை அங்கு நீங்கியது. பந்து ஒரு பக்கத்தாருக்கே உரியதாய், ஒவ்வொரு முறையும் நிறுத்தித் தொடங்கும் ஒழுங்கு வந்தது. நிறுத்தித் தொடங்குதல் என்னும் இந்த ஒரு மாற்றமே இரு நாட்டு வீரரின் உடம்பையும் இருவேறு வார்ப்புகளில் வார்த்தது.

றக்பியை முதலில் நோக்குவோம். பக்கத்துக்கு 15 பேர். ஆட்டம் 80 நிமிடம். பந்தைக் கையால் முன்னோக்கி எறிதல் ஆகாது. பின்னால் வருபவனுக்கே கொடுக்கலாம். பந்து வைத்திருப்பவனை மட்டுமே பிடித்து வீழ்த்தலாம். அவனையும் தோளுக்குக் கீழே கைகளால் அணைத்தே வீழ்த்த வேண்டும். ஆட்டம் நின்று மீளத் தொடங்குகையில் பக்கத்துக்கு எட்டுப் பேர் தோளோடு தோள் பின்னிக் குனிந்து எதிரணியைத் தள்ளுவர். எம் கடற்கரையிற் கரைவலை இழுப்போரைக் கண்டவர்க்கு இது புதிதன்று. அம்பாப் பாட்டின் அடிக்கு எல்லாரும் ஒரே கணத்திற் குதிகாலை மணலில் ஊன்றி இழுப்பார்கள். ஒருவன் பிந்தினால் வலை நகராது. றக்பியில் இழுப்புக்குப் பதில் தள்ளு, அவ்வளவே வேறுபாடு. ஆனால் தள்ளி முடித்தவன் இளைப்பாற இயலாது. எழுந்து ஓட வேண்டும், ஒருவனை வீழ்த்த வேண்டும், மீண்டும் எழ வேண்டும். 120 கிலோகிராம் நிறையுள்ளவனும் பந்து கைக்கு வந்தால் ஓடியே ஆக வேண்டும்.

அமெரிக்க ஆட்டத்திற் பக்கத்துக்கு 11 பேர். கடிகாரக் கணக்கில் 60 நிமிடம். முடிவதற்கோ மூன்று மணி நேரம் செல்லும். அத்தனை நேரத்திலும் பந்து உண்மையில் ஆட்டத்தில் இருப்பது ஏறத்தாழ 11 நிமிடமே. சில வினாடிகள் மோதல். பின்னர் அடுத்த மோதலுக்கு ஆயத்தம். ஆளை மாற்றுவதற்கும் வரையறை இல்லை. தாக்குவோர் ஓர் அணி, தடுப்போர் ஓர் அணி, பந்தை உதைப்பதற்கென்றே ஒருவர். (காலாற் பந்தைத் தொடாமலே பெரும்பாலானோர் ஆடும் இதற்கு உதைபந்தாட்டம் என்று பெயர் நின்றது விந்தையே.) பந்து இல்லாதவனையும் மறித்து மோதலாம் என்பது அங்குள்ள விதி. ஆகவே, 80 நிமிடம் ஓட முடியாத 150 கிலோகிராம் மனிதனுக்கும் அங்கே இடமுண்டு. சில வினாடிகள் மலைபோல் நின்றால் அவனுக்குப் போதும். அவனருகே நிற்பவனோ மின்னல். 2024ஆம் ஆண்டு வீரர் தெரிவில் சேவியர் வேர்தி என்பவர் 40 யார், அதாவது சுமார் 36.6 மீற்றர் தூரத்தை, 4.21 வினாடியில் ஓடினார்.

எம்மூர் ஆட்டங்களாற் சொல்வதாயின், சடுகுடுவின் பிடியும் கிளித்தட்டின் நழுவலும் ஒரே மனிதனிடம் இருக்க வேண்டும் என்கிறது றக்பி. பிடிக்கு ஒருவன், நழுவலுக்கு வேறொருவன், இருவரும் தத்தம் தொழிலில் உச்சத்தில் நிற்கட்டும் என்கிறது அமெரிக்க ஆட்டம்.

இதற்குச் சான்று, ஓர் ஆட்டத்திலிருந்து மற்றதற்குச் சென்றவர்களின் கதை. இங்கிலாந்தின் றக்பி அணியில் ஓட்டத்தாற் பெயர் பெற்ற கிறிஸ்ரியன் வேட் 2018இல் அமெரிக்கா சென்றார். 2019இல் ஒரு முன்னோடிப் போட்டியிற் பந்தை முதன்முறை கையில் வாங்கியதும் 65 யார் ஓடிப் புள்ளி எடுத்தார். அரங்கம் எழுந்து நின்றது. எனினும் முறையான பருவப் போட்டி ஒன்றிலேனும் அவர் ஆடவில்லை. வேல்ஸ் நாட்டின் லூயிஸ் றீஸ்-சமிற் 2024இற் சென்று, 2025இல் றக்பிக்கே மீண்டார். ஓட்டம் மட்டும் இருந்தாற் போதாது. தடுப்பவர்களின் நிலையைக் கணத்தில் வாசிக்கும் கண்ணும் மனப்பாடமான நூற்றுக்கணக்கான வியூகங்களும் வேண்டும். மாறாக, சிட்னியில் 13 பேர் ஆடும் றக்பி லீக் ஆட்டத்தில் வளர்ந்த யோர்டன் மயிலாற்றாவை நோக்குங்கள். சமோவா வழிவந்த இவர் ஆறடி எட்டங்குல உயரமுடையவர். இடைவிடாது ஓடும் ஆட்டத்துக்கு அவ்வுடம்பு பாரமாயிற்று. 2018இல் பிலடெல்பியா அணி, அமெரிக்க ஆட்டத்தை ஒருநாளும் ஆடியிராத இவரைத் தெரிந்தெடுத்தது. 2025 பெப்ரவரியில் வாகை சூடிய அவ்வணியின் முன்வரிசையில் இவர் நின்றார். ஓரிடத்திற் குறையாய்க் கருதப்பட்ட உடம்பு மற்றோரிடத்தில் அரணாயிற்று.

எதிர்த் திசையிலும் ஒரு பயணம் நடந்ததுண்டு. அதன் தொடக்கம் துயரமானது. 1905ஆம் ஆண்டில் அமெரிக்க ஆட்டத்தில் இறந்த இளைஞரின் தொகை பதினெட்டுக்குக் குறையாது என்று பத்திரிகைகள் எழுதின. குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ற் பல்கலைக்கழகத்தாரை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அடுத்த ஆண்டு விதிகள் திருத்தப்பட்டு, பந்தை முன்னோக்கி எறிதல் அனுமதிக்கப்பட்டது. கலிபோர்னியாவின் இரு பெரும் பல்கலைக்கழகங்களோ தம் ஆட்டத்தையே கைவிட்டுச் சில காலம் றக்பிக்கு மாறின. அப்பழக்கத்தின் பயனாக 1920, 1924 ஆகிய இரு ஒலிம்பிக் விழாக்களிலும் றக்பித் தங்கப் பதக்கத்தை அமெரிக்கரே வென்றனர். 1924இல் பாரிஸ் நகரில், பிரான்சை அதன் சொந்த மண்ணில் 17க்கு 3 எனத் தோற்கடித்தனர்.

இனிக் கவசத்துக்கு வருவோம். மெல்லிய தோல் தொப்பி மறைந்து வன்மையான தலைக்கவசம் வந்தபோது, மண்டையோடு காக்கப்பட்டது. ஆனால் தலை காக்கப்பட்டது என்று எண்ணிய இளைஞர், தலையையே முன்னிறுத்தி மோதத் தொடங்கினர். காப்பு ஆயுதமாயிற்று. கழுத்து முறிந்தோர் பலர். 1976இல் அமெரிக்கப் பாடசாலை, பல்கலைக்கழக ஆட்டங்களில் அம்முறை தடுக்கப்பட்ட பின்னரே அத்தகைய விபத்துக்கள் வெகுவாகக் குறைந்தன. கவசமற்ற றக்பி வீரனுக்கோ, மோதுகையிற் தலையை எதிராளியின் உடலுக்கு ஒரு புறமாக ஒதுக்கி வைத்தல் முதற் பாடம். வலியே அவனுக்கு ஆசிரியன்.

அதனால் றக்பி தீங்கற்றது என்று என் முதல் மாணவன் மகிழ வேண்டியதில்லை. தேங்காயின் மேல் எத்தனை உறை சுற்றினாலும், குலுக்கும்போது உள்ளிருக்கும் நீர் குலுங்காமல் இராது. மூளையின் நிலையும் ஏறத்தாழ அதுவே. பிற்ஸ்பேர்க் அணியின் மைக் வெப்ஸ்ரர் 2002இல் இறந்தபின், நைஜீரியாவிற் பிறந்த மருத்துவர் பென்னற் ஒமாலு அவரது மூளையை ஆராய்ந்தார். மீண்டும் மீண்டும் ஏற்பட்ட அடிகளால் விளையும் சிதைவை அதிற் கண்டு, 2005இல் வெளியிட்டார். 2003இல் உலகக் கிண்ணத்தை வென்ற இங்கிலாந்து றக்பி அணியின் ஸ்டீவ் தொம்சனோ, அந்த இறுதிப் போட்டியில் ஆடியது தமக்கு நினைவில்லை என்று 2020இல் உலகறியச் சொன்னார். அப்போது அவருக்கு வயது 42. ஒருவர் கவசம் அணிந்தவர், மற்றவர் அணியாதவர்.

முன்னே குறித்த செய்தி இதுவே. பல ஆண்டுகளுக்கு முன், நான் ஆசிரியனாயிருந்த காலத்தில், ஒரு சடுகுடுப் போட்டிக்கு நடுவராய் நின்றேன். பாடிச் சென்ற பையனை நால்வர் மடக்கினர். அவன் தலை ஒருவனின் முழங்காலில் அடித்தது. சில வினாடி எழவில்லை. பின்னர் எழுந்து, "ஒண்டுமில்லை, சேர்" என்றான். சூழ நின்றோர் கைதட்டினர், நானும் தட்டினேன். மேலும் கால்மணி நேரம் ஆடினான். அன்றிரவு வாந்தியெடுத்து மயங்கியவனை ஆசுபத்திரிக்குக் கொண்டு சென்றனர். பிழைத்துக்கொண்டான். இன்று அவனுக்கும் பிள்ளைகள் உளர். எனினும் அந்தக் கைதட்டல் என் காதை விட்டுப் போகவில்லை. 2009ஐ உயிரோடு கடந்து வந்தவர்களின் பிள்ளைகள் எம் மாணவர். "அவன் தாங்குவான்" என்பது இம்மண்ணிற் பெரும் பாராட்டு. தசையும் எலும்பும் பழகப் பழகத் தாங்கும். மூளை அவ்வாறு பழகுவதில்லை என்பதை நான் அன்று அறிந்திருக்கவில்லை.

வழக்குக்குத் தீர்ப்பு வேண்டும் என்று இருவரும் நின்றார்கள். ஒரு கணத்தின் வேகத்துக்கும் மோதலின் வன்மைக்கும் அமெரிக்கன். நெடுநேரம் எல்லா வேலையும் செய்யும் உடம்புக்கு றக்பி வீரன். நான் ஒருவனைத் தெரிவதாயின் பின்னவனையே தெரிவேன் என்றேன். இருவருக்கும் அது முழு நிறைவு தரவில்லை. "அப்படியெண்டால் புல்லும் இல்லாத தரையில், சப்பாத்தும் இல்லாமல் சடுகுடு ஆடுகிற எங்களை எங்கே வைப்பீர்கள், சேர்?" என்று கேட்டான் இரண்டாமவன். அதற்கு நான் இன்னும் மறுமொழி சொல்லவில்லை.

இப்போது எம் மைதானத்தின் எல்லைக் கோட்டுக்கு வெளியே, வேப்பமர நிழலில் ஒரு வாங்கு கிடக்கின்றது. தலையில் அடிபட்டவன் என்ன சொன்னாலும் அன்றைய ஆட்டத்துக்கு மீளான். மருத்துவர் பார்த்துச் சம்மதிக்கும்வரை பயிற்சிக்கும் வரான். முடிவு செய்வது ஆசிரியர், பையன் அல்லன். சென்ற இல்ல விளையாட்டுப் போட்டியில் நீல இல்லத்துத் தலைவனே அந்த வாங்கில் அமர நேர்ந்தது. அவன் இல்லம் இரண்டு புள்ளியால் தோற்றது. ஒரு வாரம் அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.