காவிரி ஏறாத நீலகிரி

2025 சனவரி 15. தமிழகம் திருவள்ளுவர் நாள் கொண்டாடியது. அதே நாளில் மும்பையிலே பிரதமர் ஒரு போர்க்கப்பலைக் கடற்படைக்கு ஒப்படைத்தார். அதன் பெயர் நீலகிரி. ஆம், நம் ஊட்டி மலையின் பெயர்தான்! நீளம் 149 மீட்டர். எடை ஏறத்தாழ 6,670 டன். இந்த வரிசையிலே மொத்தம் ஏழு: நீலகிரி, ஹிம்கிரி, உதயகிரி, தாராகிரி, துனாகிரி, விந்தியகிரி, மகேந்திரகிரி. ஒன்றுக்காவது 'மலை' என்று பெயரிட்டால் கப்பல் கவிழ்ந்துவிடுமோ? போகட்டும், பெயர் வழக்கைப் பிறகு பார்ப்போம்.

எதிரியின் ரேடார் கண்ணுக்கு எளிதில் சிக்காத கப்பல் இது. மாயமல்ல, மந்திரமல்ல! நேர்ச்சுவரிலே எறிந்த பந்து எறிந்தவன் கைக்கே திரும்பும். சாய்ந்த பலகையிலே எறிந்தால் வேறு திசைக்கு ஓடும். ரேடார் அலையும் அப்படியே. அதனால்தான் கப்பலின் பக்கங்களைச் சாய்த்து அமைத்தனர். ஏவுகணைகளைத் தளத்துக்குள்ளே செங்குத்தாகப் புதைத்தனர். புகைபோக்கியின் சூட்டையும் தணித்தனர். இத்தனை பெரிய கப்பல் ரேடாரிலே சிறு கலமாகத் தெரியும். விமானம் வந்தால் பராக் ஏவுகணை. கப்பல் வந்தால் பிரமோஸ். நீர்மூழ்கி வந்தால் டார்ப்பிடோ. ஒரே கலத்துக்கு மூன்று வேலை!

யார் கட்டினார்கள்? நான்கினை மும்பை மசகான் தளமும், மூன்றினைக் கொல்கத்தா கார்டன் ரீச் தளமும் பகிர்ந்துகொண்டன. இரண்டும் பொதுத்துறை! உருக்கு தந்த செயிலும் பொதுத்துறை! "பொதுத்துறையா, அது தூங்குமூஞ்சித் துறை" என்று கேலி பேசும் கனவான்களே, அந்தத் தளத்திலே இரும்பின் சூட்டிலே வெந்து, பற்றவைப்பின் பொறியிலே கண் கலங்கி நின்றவன் எவன்? 1972இலே இதே மசகானிலே கட்டி முடித்துப் படையிலே சேர்ந்த முதல் நீலகிரிக்கு வரைபடம் பிரிட்டிஷாருடையது. இன்று வரைபடமே நம் கடற்படையுடையது. அரை நூற்றாண்டிலே ஏறிய படி அது. ஆனால் சர்க்கார் செய்தது என்ன? 2018இலே கார்டன் ரீச் பங்கையும், 2020இலே மசகான் பங்கையும் சந்தையிலே விற்றது! கட்டியவன் கைக்குக் கைதட்டு; தளத்தின் பங்குக்குத் தரகர் கூவல்!

நூற்றுக்கு 75 பங்கு உள்நாட்டுச் சரக்கு என்கிறார்கள். மகிழ்ச்சிதான். மீதி 25? அதிலேதானே கண்ணும் இதயமும் இருக்கின்றன! கண்ணாகிய பெரிய ரேடார் இஸ்ரேல் தந்தது. இதயமாகிய எரிவாயுச் சுழலி அமெரிக்க வடிவம். பெங்களூரிலே பூட்டித் தந்தார்கள், அவ்வளவே. பூட்டுவது வேறு, படைப்பது வேறு, தோழர்களே! வெள்ளைமாளிகையின் முகம் சுளித்தால் உதிரிப் பொருளுக்கு எங்கே போவது?

நம்மிடம் எந்திரமே இல்லையா? இருந்தது. 1989இலே போர்விமானத்துக்காகப் பெங்களூரிலே தொடங்கிய எந்திரம், பெயர் காவிரி! அதைக் கப்பலுக்கு ஏற்ப மாற்றி, 2008இலே விசாகப்பட்டினத்திலே ஓட்டியும் காட்டினர். 12 மெகாவாட் ஆற்றல் தந்தது. அமெரிக்க எந்திரத்துக்கு ஏறக்குறைய அதில் இருமடங்கு. குறை இருந்தது, மறுக்கவில்லை. குறையைத் தீர்க்கப் பணமும் பொறுமையும் கொடுத்திருக்க வேண்டாமா? ஏழு கப்பலுக்குச் சுமார் 45,000 கோடி கொட்டத் தெரிந்தவர்களுக்கு, எந்திரத்துக்கு மட்டும் கை சுருங்கிவிட்டது.

கர்நாடகத்திலிருந்து மேட்டூருக்கு வரவேண்டிய காவிரிக்குத்தான் வழக்கு, வாய்தா என்று நாம் அலைகிறோம். அங்கே பிறந்த இந்தக் காவிரியும் நீலகிரிக்கு வந்து சேரவில்லை!