பற்சிப்பியின் குறையும் தாடை எலும்பும்

“பல் மட்டும்தானே இப்படி இருக்கிறது, டாக்டர்? பெரியவனானதும் உறை போட்டுக்கொள்ளலாமா?” பிறவியிலேயே பற்சிப்பி குறைபட்ட குழந்தைகளை அழைத்துவரும் பெற்றோர் எங்களிடம் அடிக்கடி கேட்பது இது. ‘காத்திருக்க வேண்டாம்’ என்று நாங்கள் கூறுவதற்கான காரணங்களுள் ஒன்று சுண்டெலிகளின் தாடையிலிருந்து கிடைத்தது.

எனாமல் என்று பலரும் சொல்லும் பற்சிப்பி நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கனிமம். அதை உருவாக்கும் செல்கள் பல் ஈறைவிட்டு வெளிவரும்போதே மறைந்துவிடுவதால், பழுதடைந்த சிப்பியை உடல் மீண்டும் கட்டித்தருவதில்லை. எலும்பு இதற்கு நேர்மாறு. ஒருபுறம் கரைந்தும் மறுபுறம் வளர்ந்தும் வாழ்நாள் முழுவதும் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. பற்களைத் தாங்கும் பற்குழி எலும்போ பல்லை நம்பியே வாழ்வது. பல்லைப் பிடுங்கிய இடத்தில் எலும்பு தேய்ந்து தாழ்வதைப் பொய்ப்பல் கட்டிக்கொண்ட முதியோர் நன்கறிவர். மெல்லும்போது ஏற்படும் அழுத்தம், பல்லின் வேரையும் எலும்பையும் இணைக்கும் மெல்லிய நார்களின் வழியே எலும்பைச் சென்றடைகிறது. அந்த அழுத்தத்திற்கேற்பவே எலும்பு தன் வடிவை அமைத்துக்கொள்கிறது.

சிப்பி உருவாகத் தேவையான புரதங்களுள் முதன்மையானது அமிலோஜெனின். இப்புரதத்திற்கான மரபணு செயலிழந்த சுண்டெலிகளை 2001ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் உருவாக்கினர். அவற்றின் பற்கள் சுண்ணாம்பு போல் வெளுத்தும், சிப்பி மெலிந்தும் காணப்பட்டன. இது எதிர்பார்த்ததே. வியப்பு வேரில் இருந்தது. வயது ஏற ஏற, வேரைப் போர்த்தியிருக்கும் சிமெண்டம் என்னும் படலம் அரிக்கப்பட்டது. எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டும் சமிக்ஞையும் அங்கே மிகுந்திருந்தது. வேரிலோ சிப்பியே கிடையாது!

இதற்கு இரு விளக்கங்கள் உண்டு. ஒன்று, அப்புரதத்திற்கே வேரையும் எலும்பையும் காக்கும் பணி இருக்கலாம் என்பது. பன்றியின் வளரும் பற்களிலிருந்து எடுக்கப்படும் சிப்பிப் புரதங்கள், ஈறு நோயால் இழந்த எலும்பை மீட்க அறுவை சிகிச்சையில் பயன்படுகின்றன என்பதை இங்கே நினைவுகூரலாம். மற்றொன்று, மென்மையான பல் விரைவில் தேய்ந்து, கடியும் அழுத்தமும் மாறுவதால் எலும்பும் மாறுகிறது என்பது. இவ்விரண்டையும் பிரித்தறிவது எளிதன்று. பல் உடையும் எலிகளுக்கு மென்தீனி தருவதே வழக்கம். மென்தீனி மட்டுமே தின்றாலும் எலிகளின் பற்குழி எலும்பு மாறுகிறது. ஆகவே, நல்ல பல்லுடைய எலிகளுக்கும் அதே தீனியைக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளுக்கே நாங்கள் கூடுதல் மதிப்பளிக்கிறோம்.

எலி வேறு, குழந்தை வேறு என்பதும் உண்மையே. சுண்டெலியின் வெட்டுப்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருப்பவை. அதன் கடைவாய்ப்பற்கள்தாம் நம்முடையவற்றைப் போல ஒருமுறை முளைத்து நிற்பவை. ஆகவே, எலிகளில் கண்டதைக் கொண்டு உங்கள் குழந்தையின் தாடை எலும்பு கரைந்துவிடும் என்று நாங்கள் சொல்லமாட்டோம்.

ஆயினும் மருத்துவமனையில் நாங்கள் காண்பது இதுதான்: பல் கூசுவதால் குழந்தை கடித்து மெல்ல மறுக்கிறது, துலக்கவும் அஞ்சுகிறது. சொரசொரப்பான பல்லில் அழுக்கும் காரையும் எளிதில் படிந்து ஈறு வீங்குகிறது. அவ்வீக்கம் ஆண்டுக்கணக்கில் நீடித்தால் எலும்பும் பாதிக்கப்படலாம். சிலருக்குப் பின்பற்கள் கடித்திருக்கும்போதும் முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி நிற்பதும் உண்டு. (தருமபுரி, சேலம் பகுதிக் குடிநீரின் ஃபுளோரைடால் வரும் பழுப்புக்கறை வேறு வகை, அளவு மிகுந்தால் ஃபுளோரைடு எலும்பையே நேரடியாகத் தாக்கும்.)

ஏறத்தாழ 6 வயதில் முளைக்கும் நிலையான கடைவாய்ப்பற்களுக்கு, அவை தேயும் முன்பே துருப்பிடிக்காத எஃகு உறை பொருத்துவதை நாங்கள் விரும்புகிறோம். அவ்வுறை அழகன்று, பெற்றோர் முகம் சுளிப்பதும் உண்டு. ஆனால் பல்லின் உயரத்தையும் கடியையும் அது காக்கிறது. பீங்கான் உறையைத் தாடை வளர்ச்சி முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம். அடுத்த முறை வரும்போது, குழந்தை எந்தப் பக்கம் மெல்கிறது, எந்த உணவைத் தவிர்க்கிறது என்பதை ஒரு வாரம் கவனித்துக் குறித்துவாருங்கள். பழைய எக்ஸ்ரே படங்கள் இருந்தால் அவற்றையும் எடுத்துவாருங்கள். எலும்பின் மட்டம் மாறியிருக்கிறதா என்பதைப் புதிய படத்தோடு ஒப்பிட்டே எங்களால் அறிய முடியும்.