மடிக்கணினி மீட்புப் பிரிவும் இரட்டை இயங்குதளச் சிக்கல்களும்

மீட்புப் பிரிவு என்பது மடிக்கணினியைத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நிலைக்குத் திருப்பத் தேவையான கோப்புகளைக் கொண்டு, வன்தட்டில் மறைத்து வைக்கப்படும் பகுதி ஆகும். விண்டோஸ் இதற்கு சி, டி போன்ற எழுத்து எதையும் ஒதுக்குவதில்லை. எனவே 'மை கம்ப்யூட்டர்' சாளரத்தில் இது தென்படாது. ஆனால் வன்தட்டின் பிரிவு அட்டவணையில் இதற்கும் ஓர் இடம் உண்டு. அதே கணினியில் லினக்ஸை நிறுவும்போது எழும் சிக்கல்கள் பலவற்றுக்கு இதுவே காரணமாகும்.

தமிழ்நாட்டில்

தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த தொடக்ககால மடிக்கணினிகளில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டிருந்தது. களக்காடு போன்ற ஊர்கள் உட்பட மாநிலம் முழுவதும் அரசு, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்கள் பலருக்கு இரட்டை இயங்குதளம் இவ்வழியில் அறிமுகமானது. இத்தகைய கணினியில் விண்டோஸை மட்டும் மீண்டும் நிறுவினால், வன்தட்டின் தொடக்கத்தில் உள்ள துவக்க நிரல் மாற்றி எழுதப்படும். அதன்பின் லினக்ஸ் வன்தட்டில் இருந்தாலும் தெரிவுப் பட்டியலில் தோன்றாது. மீட்புப் பிரிவைக் கொண்டு முழு வன்தட்டையும் மீட்டால் லினக்ஸும் அதிலுள்ள பாடக் கோப்புகளும் சேர்ந்தே அழியும். முதலாவது சரிசெய்யக்கூடியது, இரண்டாவது பெரும்பாலும் சரிசெய்ய இயலாதது.

நான்கு பிரிவு வரம்பு

பழைய பயாஸ் கணினிகளில் வன்தட்டின் முதல் 512 பைட்டுகள் எம்.பி.ஆர். எனப்படும். இதில் 446 பைட்டுகள் துவக்க நிரலுக்கும், 64 பைட்டுகள் பிரிவு அட்டவணைக்கும், 2 பைட்டுகள் அடையாளக் குறிக்கும் உரியவை. ஒரு பிரிவின் விவரத்துக்கு 16 பைட்டுகள் தேவை என்பதால் நான்கு முதன்மைப் பிரிவுகளுக்கு மட்டுமே இடமுண்டு. விண்டோஸ் 7 கால மடிக்கணினி ஒன்றில் அவை பின்வருமாறு நிரம்பியிருக்கலாம்:

1. விண்டோஸின் துவக்கக் கோப்புகள் உள்ள 100 மெகாபைட்டுப் பிரிவு
2. விண்டோஸ் நிறுவப்பட்டுள்ள சி பிரிவு
3. மீட்புப் பிரிவு
4. தயாரிப்பாளரின் சோதனைக் கருவிகள் உள்ள பிரிவு

சி பிரிவைச் சுருக்கி 100 கிகாபைட்டு இடம் ஏற்படுத்தினாலும் லினக்ஸ் நிறுவி அதைப் 'பயன்படுத்த இயலாத இடம்' என்றே காட்டும். இடம் இருக்கிறது, அட்டவணையில் வரிசை இல்லை. ஐந்தாவது பிரிவை விண்டோஸின் வட்டு மேலாண்மைக் கருவியில் உருவாக்க முயன்றால், வன்தட்டை 'டைனமிக் டிஸ்க்' ஆக மாற்றலாமா என்று அது கேட்கும். இதை ஏற்கக்கூடாது. அவ்வாறு மாற்றப்பட்ட வன்தட்டில் லினக்ஸை நிறுவுவது கடினம். பிரிவுகளை அழிக்காமல் பழைய நிலைக்குத் திரும்ப அக்கருவியில் வழியும் இல்லை.

பிற சிக்கல்கள்

தவறான தெரிவு: லினக்ஸின் கிரப் துவக்கி, மீட்புப் பிரிவில் உள்ள துவக்கக் கோப்பையும் ஒரு விண்டோஸாகக் கருதலாம். அப்போது பட்டியலில் இரண்டு விண்டோஸ் பெயர்கள் தோன்றும். அவற்றுள் ஒன்று மீட்பு நிரலைத் தொடங்கும். அதன் திரையில் எதையும் ஒப்புக்கொள்ளாமல் கணினியை நிறுத்திவிட வேண்டும்.

மீட்பு விசை செயலிழத்தல்: சில தயாரிப்பாளர்களின் மீட்பு விசை, அவர்களது தனிப்பட்ட எம்.பி.ஆர். நிரலைச் சார்ந்தது. அவ்விடத்தில் கிரப் எழுதப்பட்டதும் விசை இயங்காது. பிரிவு அழிந்துவிட்டதாக இதற்குப் பொருளல்ல.

எண் மாற்றம்: ஒரு பிரிவை நீக்கும்போது மற்றவற்றின் எண்கள் மாறக்கூடும். எஸ்டிஏ6 என இருந்தது எஸ்டிஏ5 ஆனால், எண்ணை நம்பியிருக்கும் அமைப்புகள் பிழையாகும். கிரப் 'ரெஸ்கியூ' நிலையில் நின்றுவிடலாம். எண்ணுக்குப் பதிலாக யூயூஐடி அடையாளத்தைப் பயன்படுத்தினால் லினக்ஸ் பிரிவுகளைக் கண்டறிவதில் இக்குழப்பம் குறையும்.

தீர்க்கும் முறை

1. சொந்தக் கோப்புகளை வெளி வன்தட்டில் படியெடுக்க வேண்டும். தயாரிப்பாளரின் மென்பொருளைக் கொண்டு டிவிடி அல்லது யூஎஸ்பி நினைவகத்தில் மீட்பு ஊடகத்தை உருவாக்கி, அதிலிருந்து கணினி தொடங்குகிறதா எனச் சோதிக்க வேண்டும்.
2. லினக்ஸ் நேரடி வட்டில் கணினியைத் தொடங்கி, ஜிபார்ட்டெட் மூலம் எல்லாப் பிரிவுகளின் வரிசையையும் அளவையும் குறித்துக்கொள்ள வேண்டும்.
3. வட்டு மேலாண்மையில் 'சிஸ்டம்', 'ஆக்டிவ்' என்ற குறிப்புகள் எந்தப் பிரிவில் உள்ளன என்று பார்க்க வேண்டும். சில கணினிகளில் மீட்புப் பிரிவிலேயே விண்டோஸின் துவக்கக் கோப்பும் இருக்கும். அதை நீக்கினால் விண்டோஸ் தொடங்காது.
4. நான்கு வரிசைகளும் நிரம்பியிருந்தால், கருவிப் பிரிவைப் படியெடுத்து நீக்கலாம். கிடைத்த வரிசையில் நீட்டிப்புப் பிரிவை உருவாக்கி, அதனுள் லினக்ஸுக்கான தருக்கப் பிரிவுகளை அமைக்க வேண்டும்.
5. நிறுவிய பின் கிரப் பட்டியலில் உள்ள மீட்புப் பதிவை நீக்குவது அல்லது தெளிவாகப் பெயரிடுவது நல்லது.

வன்தட்டே பழுதானால் அதிலுள்ள மீட்புப் பிரிவும் போய்விடும். ஆகவே லினக்ஸ் நிறுவாதவர்களுக்கும் முதல் படி பொருந்தும்.

யூஇஎஃப்ஐ கணினிகளில்

2012 இல் விண்டோஸ் 8 வெளிவந்த பின்னர் யூஇஎஃப்ஐ முறையும் ஜிபிடி அட்டவணையும் பரவலாயின. ஜிபிடியில் பொதுவாக 128 பிரிவுகள் வரை அமைக்கலாம் என்பதால் நான்கு பிரிவு வரம்பு நீங்கியது. ஆயினும் மீட்புப் பிரிவு தொடர்கிறது. 2024 சனவரியில் வெளியான விண்டோஸ் 10 இற்றைப்படுத்தல் ஒன்று, மீட்புப் பிரிவில் 250 மெகாபைட்டு காலியிடம் இல்லாத கணினிகளில் தோல்வியடைந்தது. சி பிரிவைச் சுருக்கி மீட்புப் பிரிவைப் பெரிதாக்குமாறு மைக்ரோசாப்ட் அறிவுறுத்தியது. இரண்டுக்கும் நடுவே லினக்ஸ் நிறுவப்பட்டிருந்தால் காலியிடங்கள் ஒன்று சேர்வதில்லை. எனவே பிரிவுகளின் எண்ணிக்கை மட்டுமன்றி அவற்றின் வரிசையையும் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். பிட்லாக்கர் குறியாக்கம் உள்ள கணினிகளில், அதன் மீட்புச் சாவியைக் குறித்து வைக்காமல் பிரிவுகளை மாற்றக்கூடாது.

இவற்றையும் பார்க்க

இயங்குதளம்
லினக்ஸ்
பாஸ் லினக்ஸ்
வன்தட்டு