கோலின் பாரமும் சமநிலையும்

பூல் ஆட்டத்துக்கென்று தமக்கு ஏற்றதொரு கியூக் கோலைத் தனியே செய்வித்துக்கொள்ள விரும்புகிறவர்கள், கோல் செய்பவரிடம் முதலில் சொல்வது பெரும்பாலும் எடையைத்தான். ஆயினும், சரியாக 19 அவுன்ஸே நிறுக்கும் இரண்டு கோல்களுள் ஒன்று கைக்கு இலேசாகவும், மற்றொன்று முன்னே கவிழ்ந்து கனப்பதாகவும் தோன்றுவது ஆடிப் பழகிய அனைவரும் அறிந்த அநுபவம். பாரம் எவ்வளவு என்பதைக் காட்டிலும், கோலின் நீளத்தில் அது எங்கெங்கே தங்கியிருக்கிறது என்பதே பிரதானம்.

ஏறக்குறைய 58 அங்குல நீளமுள்ள இக்கோல், இடையில் திருகாணியால் இணையும் இரு பாகங்களை உடையது. பந்தைத் தொடும் மெல்லிய மேப்பிள் முன்பாகம் சுமார் 4 அவுன்ஸ். எஞ்சிய எடையெல்லாம் அடிப்பாகத்தைச் சேர்ந்தது. கோலை ஒரு விரலின்மேல் கிடத்தி, அது எப்புறமும் சாயாமல் நிற்கும் இடத்தை அளந்தால், அடிமுனையிலிருந்து 18 அல்லது 19 அங்குலத்தில் இருக்கும்.

19 அங்குலத்தில் சமநிலை கொண்ட 19 அவுன்ஸ் கோலின் அடிமுனையில், ரப்பர்க் குமிழுக்கு உட்புறமாக ஓர் அவுன்ஸ் திருகாணியைச் செலுத்தினால், சமநிலை ஏறத்தாழ ஓர் அங்குலம் பின்வாங்கிவிடும். அதே ஓர் அவுன்ஸ் நடு இணைப்பில் எஃகாக அமையுமாயின் அரை அங்குலம் முன்னேறும். தராசு இரண்டையும் 20 அவுன்ஸ் என்றே சொல்லும். ஆடுபவருடைய கையோ அவற்றை வெவ்வேறு கோல்களாகவே அறியும். 1959 முதல் 1975-இல் மறையும்வரை கோல்கள் செய்த, நியூயார்க்கின் புரூக்ளினைச் சேர்ந்த ஜார்ஜ் பலபுஷ்காவின் கோல்கள் பலவற்றில் இத்தகைய எஃகு இணைப்பைக் காணலாம்.

இரும்பை ஏற்றி எடையைச் சரிக்கட்டுவது சுலபமான வழி. மரத்தைத் தேர்ந்தே அதைச் சாதிப்பதுதான் உத்தமமான வழி என்பது என் துணிபு. நீரில் இட்டால் அமிழ்ந்துவிடும் கருங்காலியை, அதன் அழகு கருதிக் கைப்பிடிக்கு முன்னே அப்படியே வைத்தால் கோல் முன்பாரமாகிவிடும். ஆகவே அதன் நடுவே நெடுகத் துளையிட்டு, நேரான ரேகையோடிய மேப்பிள் தண்டு ஒன்றை உள்ளே ஒட்டி, பாரத்தைக் குறைப்பதோடு மரம் பின்னாளில் கோணாதிருக்கவும் வழிசெய்கிறார்கள். கடைசலையும் ஒரே மூச்சில் முடிப்பதில்லை. சிறிது கடைந்தபின் மரத்தைத் தொங்கவிட்டு, மாதக்கணக்கில் காத்திருந்து, மீண்டும் கடைகிறார்கள்.

ஒரே அடிப்பாகத்துக்கு இரண்டு முன்பாகங்கள் செய்து தருவது வழக்கமாதலால், அவ்விரண்டும் எடையில் ஒத்திருக்கவேண்டும். முன்பாகத்தில் அரை அவுன்ஸ் கூடினாலே சமநிலை அரை அங்குலத்துக்கு மேல் முன்னே நகர்ந்துவிடும். அதை அநுசரித்துப் பிடியின் ஸ்தானத்தையும் மாற்றிக்கொள்ள நேரும்.