பிரசவத்தின் பின் இதயம் தளர்ந்தால்

பிள்ளை பிறந்த சில நாட்களில் தாய்க்கு இளைப்பும் நெஞ்சுப் படபடப்பும் வந்தால், இரத்தம் குறைவு, பத்தியம் பிழைத்துவிட்டது, பயந்துவிட்டாள் என்று வீட்டில் பலவாறு சொல்வோம். ஆனால் சில தாய்மாரில் இதயத் தசை தளர்வதே இதற்குக் காரணம். மிக அரிதாக, அந்தத் தளர்ச்சி வயிற்றினுள் மறைந்திருக்கும் ஒரு கட்டியால் வருகிறது.

கட்டி செய்யும் வேலை

எமது இரு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி போல அதிரீனல் சுரப்பிகள் உள்ளன. நாய் துரத்தும்போது நெஞ்சு அடிப்பதும் வியர்ப்பதும் இவை சுரக்கும் ஓமோன்களால்தான். சுரப்பியின் உட்பகுதியில் 'பியோகுரோமோசைற்றோமா' என்னும் கட்டி உண்டானால், காரணமின்றியே இந்த ஓமோன்கள் அளவுக்கு மீறி இரத்தத்தில் கலக்கும். 1886இல் ஜேர்மனியில் 18 வயதுப் பெண்ணொருவரில் இந்நோய் முதலில் விவரிக்கப்பட்டது.

பிரசவ நோவும், அறுவைச் சிகிச்சையும், சில மருந்துகளும் கட்டியைத் தூண்டலாம். மிகையான ஓமோன் இதயத் தசையைத் தாக்க, நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும்.

எப்படி அறியலாம்?

கடும் தலையிடி, படபடப்பு, வியர்வை ஆகிய மூன்றும் சேர்ந்து விட்டுவிட்டு வருவதே முக்கிய அடையாளம். அவ்வேளை குருதியமுக்கம் மிக உயர்ந்து, பின்பு சாதாரண நிலைக்கு வரலாம். ஆகவே ஒருமுறை அளந்து சரியாக இருந்தது என்பதால் நோயில்லை என்று கொள்ளலாகாது. சிறுநீர், இரத்தப் பரிசோதனைகளும் ஸ்கானும் நோயை உறுதிப்படுத்தும்.

சிகிச்சை

முதலில் இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் அல்பா தடுப்பு மருந்தும், அதன் பின்னரே துடிப்பைக் குறைக்கும் பீற்றா தடுப்பு மருந்தும் கொடுப்பர். வரிசை மாறினால் அமுக்கம் ஆபத்தாக ஏறும். எனவே அயலவரின் பிறஷர் குளிசையை வாங்கிக் கொடுக்கவே கூடாது. பின்பு கட்டியை அகற்றுவர். தளர்ந்த இதயம் பெரும்பாலும் மீண்டும் வலுப்பெறும். இக்கட்டி சில குடும்பங்களில் பரம்பரையாக வருவதால் உறவினரையும் பரிசோதிப்பது நல்லது.

நாம் செய்யவேண்டியவை

· படபடப்பு வந்த நேரத்தையும் நீடித்த அளவையும் குறித்துவைத்து, வீட்டுக்கு வரும் குடும்பநல மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள்.

· படுக்க முடியாமல் மூச்சு முட்டினால் விடியும்வரை காத்திராதீர்கள். பூநகரி, அக்கராயன் போன்ற தூரக் கிராமங்களிலிருந்தும் 1990 இலவச அம்புலன்சை அழைக்கலாம்.

· குழந்தை பிறந்து எத்தனை நாள் என்பதை வைத்தியரிடம் மறவாமல் கூறுங்கள்.

பிள்ளையைப் பார்க்க வருவோர் தாயையும் ஒருமுறை கவனித்துப் பார்த்தால் ஓர் உயிர் தப்பும்.