கூரை மேல ஒரு நர்ஸ்!

செமஸ்டருக்கு முந்தின ராத்திரி கரன்ட் போனா என்ன செய்வீங்க? செல்போன் டார்ச்சைப் போடுவீங்க, மின்வாரியத்தை நாலு திட்டு திட்டுவீங்க, அப்படியே தூங்கியும் போயிடுவீங்க. அதே கரன்ட் பிரசவ அறையில போனா? அங்கே யாரும் தூங்க முடியாது பாஸ்!

சத்தீஸ்கர்ல பல ஆரம்ப சுகாதார நிலையங்கள் இப்படி இருட்டோட மல்லுக்கட்டினதுதான். இத்தனைக்கும் அங்கே நிலக்கரிக்குப் பஞ்சமே இல்லை. கோர்பா பக்கம் பெரிய பெரிய அனல் மின் நிலையங்கள் இருக்கு. ஆனா, மின்சாரம் தயாராகிற இடத்துக்கும் காட்டுக்குள்ள இருக்கிற கிராமத்துக்கும் நடுவுல நீளமான கம்பி ஒண்ணு ஓடுதே! அதுல எங்கே கோளாறு வந்தாலும் கடைசி ஊருக்கு இருட்டுதான்.

மலை, பழங்குடிப் பகுதிகள்ல 20,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம்ங்கிறது அரசாங்கக் கணக்கு. அங்கே கரன்ட் போனா லைட் மட்டுமா அணையுது? தடுப்பூசி மருந்துகளை 2-லிருந்து 8 டிகிரிக்குள்ள வைக்கணும், அந்த ஃப்ரிட்ஜும் நிக்கும். பிறந்த குழந்தைக்குக் கதகதப்பு கொடுக்கிற வார்மரும் நிக்கும்.

இதுக்கு அந்த மாநில அரசோட மரபுசாரா எரிசக்தி நிறுவனமான 'கிரெடா' ஒரு வழி பண்ணுச்சு. 2012-க்கும் 2016-க்கும் நடுவுல சுமார் 570 ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல, தலா 2 கிலோவாட் சோலார் பேனல்களை பேட்டரியோட மாட்டினாங்க.

'ப்பூ, 2 கிலோவாட்தானா?'ன்னு உதட்டைப் பிதுக்காதீங்க. கால்குலேட்டரை எடுங்க. ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் நல்ல வெயில்னு வச்சாலே 8 யூனிட். பேட்டரி, இன்வெர்ட்டர் வழியா வரும்போது அதுல கொஞ்சம் கரையும். 20 வாட் எல்.இ.டி. டியூப் பத்து, பத்து மணி நேரம் எரிஞ்சா 2 யூனிட்தான். மிச்சத்துல ஃப்ரிட்ஜ், ஃபேன், தேவைப்படும்போது வார்மர்னு சமாளிக்கலாம். ஆனா, டாக்டர் ரூம்ல ஒன்றரை டன் ஏ.சி. மாட்டினா அஞ்சே மணி நேரத்துல கிட்டத்தட்ட எல்லாம் காலி! எதுக்கு முதல் உரிமைன்னு முடிவு பண்றதும் இன்ஜினீயரிங்தான்.

பலன்? டெல்லியைச் சேர்ந்த சி.இ.இ.டபிள்யூ. ஆய்வு நிறுவனம் அந்த மாநிலத்துல 147 ஆரம்ப சுகாதார நிலையங்களைப் பார்த்து, 2017-ல ஓர் அறிக்கை வெளியிட்டது. சோலார் இல்லாம மின்தட்டுப்பாட்டுல தவிச்ச நிலையங்களோட ஒப்பிட்டா, சோலார் இருக்கிற இடங்களுக்கு வந்த வெளிநோயாளிகள் 50 சதவிகிதத்துக்கும் மேல அதிகம். மாசாமாசம் நடந்த பிரசவங்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு!

எல்லாப் புகழும் பேனலுக்கேன்னு சொல்லிட முடியாது. டாக்டர், நர்ஸ், மருந்து, ரோடுன்னு பல விஷயங்கள் இதுல இருக்கு. ஆனா, 'ராத்திரி போனாலும் அங்கே லைட் எரியும்'ங்கிற நம்பிக்கை ஒரு கர்ப்பிணியை வீட்டிலிருந்து கிளம்ப வைக்குமா, வைக்காதா? நீங்களே சொல்லுங்க!

இதுல நிஜ ஹீரோ யார் தெரியுமா? பேனல் இல்லைங்க, அதைத் துடைக்கிறவர். பேனல் 25 வருஷம் உழைக்கும். ஈய-அமில பேட்டரி அஞ்சாறு வருஷத்துலயே மூச்சு வாங்கும். அதுவும் டிஸ்டில்டு வாட்டரை மறக்காம ஊத்தினாத்தான்! பேனல் மேல தூசி படிஞ்சா மின்சாரம் குறையும். ஒரு ஒயர் கழண்டா மொத்த செட்டும் வெறும் அலங்காரம். மாட்டின கையோட கிளம்பிடாம, ஊர் ஊராப் போய்ப் பராமரிக்க டெக்னீஷியன்களை வச்சதுதான் கிரெடாவோட சாமர்த்தியம். ரிப்பன் வெட்டுறது ஒருநாள் கூத்து. பேட்டரிக்குத் தண்ணி ஊத்துறது வருஷம் முழுக்க வேலை!

ஃபைனல் இயர் ப்ராஜெக்டை ரெடிமேடா விலைக்கு வாங்கலாம்னு யோசிக்கிற மக்களே, ஒரு நிமிஷம்! உங்க ஊர் சுகாதார நிலையம், நூலகம், பஞ்சாயத்து ஆபீஸ் மாடியில ஏற்கெனவே பேனல் இருக்கலாம். அனுமதி வாங்கிட்டு ஒரு மல்டிமீட்டரோட மேலே ஏறுங்க. எத்தனை யூனிட் வரணும், எத்தனை வருது, மிச்சம் எங்கே தொலையுதுன்னு அளந்து பாருங்க. கூடவே, பேட்டரிக்கு யார் பொறுப்பு, புதுசு வாங்கக் காசு எங்கிருந்து வரும்னும் விசாரிச்சு எழுதுங்க. வைவாவுல எக்ஸ்டர்னல் எதைக் கேட்டாலும் பதில் உங்க கையில இருக்கும். அந்தக் கட்டடத்துக்கும் வெளிச்சம் கிடைக்கும்!