காலர் போன் உடைந்தால் ஆபரேஷன் கட்டாயமா? கட்டு போட்டாலே போதுமா? முடிவெடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

மழை விட்ட மறுநாள் காலை. முடிச்சூர் சாலையிலோ, தாம்பரம் - வேளச்சேரி சாலையிலோ தேங்கிய தண்ணீருக்கு அடியில் பள்ளம் இருப்பது தெரியாமல் பைக் இறங்குகிறது. ஓட்டியவரின் தோள் தரையில் மோதுகிறது. எழுந்து நிற்க முடிகிறது, நடக்க முடிகிறது. ஆனால் கையைத் தூக்க முடியவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், கழுத்துக்குக் கீழே இருக்கும் எலும்பு இரண்டு துண்டு!

அடுத்த அரை மணி நேரத்தில் இரண்டு விதமான அட்வைஸ் வரும். "உடனே பிளேட் வச்சிடுங்க, இல்லன்னா கை பழையபடி வராது" என்பார் ஒருவர். "ஆபரேஷன்லாம் எதுக்குங்க, புத்தூர் கட்டு போட்டா சரியாயிடும்" என்பார் இன்னொருவர். இதில் எது சரி?

காலர் போன் எங்கே இருக்கிறது?

தமிழில் இதன் பெயர் காறை எலும்பு. காறை என்றால் கழுத்தில் அணியும் ஒருவகை நகை. நெஞ்செலும்பையும் தோள்பட்டையையும் இணைக்கும் இந்த எலும்பு லேசாக வளைந்து, ஆங்கில 'எஸ்' எழுத்து போல இருக்கும். கையை உடம்போடு எலும்பு வழியாக இணைப்பது இது ஒன்றுதான். தோள் தரையில் இடிக்கும்போது வேகம் முழுவதும் இதன் வழியாகத்தான் பாயும். அதனால்தான் பைக்கில் விழுபவர்களுக்கு அடிக்கடி இந்த எலும்பு உடைகிறது. பெரும்பாலும் நடுப்பகுதியில்தான் உடையும்.

உடைந்ததும் கழுத்துத் தசை உள்பக்கத் துண்டை மேலே இழுக்கும். கையின் கனம் வெளிப்பக்கத் துண்டைக் கீழே இழுக்கும். எக்ஸ்ரேயில் பார்க்க பயமாக இருப்பதற்கு இதுதான் காரணம். பயமாகத் தெரிகிறது என்பதற்காக ஆபரேஷன் தேவை என்று அர்த்தமில்லை.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

1960-ல் அமெரிக்க எலும்பு மருத்துவர் சார்லஸ் நீர் ஒரு கணக்கு வெளியிட்டார். ஆபரேஷன் இல்லாமல் சிகிச்சை பெற்ற 2,235 பேரில் எலும்பு சேராமல் போனது 3 பேருக்கு மட்டும். 'காலர் போன் தானாகவே சேர்ந்துவிடும்' என்ற நம்பிக்கை பல பத்தாண்டுகளுக்கு நிலைத்தது இதனால்தான்.

பெரியவர்களுக்கு, துண்டுகள் முழுதாக விலகிய உடைவுகளை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது கணக்கு மாறியது. 6 ஆய்வுகளைச் சேர்த்து 2012-ல் வெளியான ஆய்வறிக்கையில், ஆபரேஷன் இல்லாமல் சிகிச்சை பெற்ற 200 பேரில் 29 பேருக்கு எலும்பு சேரவில்லை. ஆபரேஷன் செய்துகொண்ட 212 பேரில் அந்த எண்ணிக்கை வெறும் 3.

"அப்போ ஆபரேஷன்தானே பெஸ்ட்?" என்று கேட்கலாம். அதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். கத்தியே படாமல் 200 பேரில் 171 பேருக்கு எலும்பு சேர்ந்திருக்கிறது. அதாவது 100-ல் சுமார் 85 பேர். 14 ஆய்வுகள், 1,469 நோயாளிகளை வைத்து 2019-ல் வெளியான காக்ரேன் ஆய்வறிக்கையும், கையின் செயல்பாடு, வலி ஆகியவற்றில் ஆபரேஷனால் கூடுதல் பலன் கிடைப்பதாகத் தெரியவில்லை என்றே சொன்னது.

சுருக்கமாகச் சொன்னால், ஆபரேஷன் செய்தால் எலும்பு சேரும் வாய்ப்பு அதிகம், ஆரம்ப மாதங்களில் கை சீக்கிரம் பயன்பாட்டுக்கு வரும். நாளாக நாளாக இரண்டு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை.

ஆபரேஷனில் என்ன சிக்கல்?

தோலைத் திறந்து, உலோக பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்து எலும்பை நேராக்குவார்கள். தழும்பு இருக்கும். அதற்குக் கீழே தோல் மரத்துப்போவது சகஜம். தொற்று வரும் ஆபத்து குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. இந்த எலும்பின் மேல் சதை அதிகம் கிடையாது என்பதால், பேக் மாட்டும்போது பிளேட் உறுத்தலாம். சிலருக்கு அதை எடுக்க இன்னொரு ஆபரேஷன் தேவைப்படும்.

பைக் பந்தய ரசிகர்களுக்கு ஜார்ஜ் லோரன்சோவை நினைவிருக்கும். 2013 ஜூனில் நெதர்லாந்தின் அசென் மைதானத்தில் பயிற்சியின்போது காலர் போன் உடைந்தது. பார்சிலோனா பறந்து, பிளேட்டும் 8 ஸ்க்ரூவும் வைத்துக்கொண்டு திரும்பி வந்து, மறுநாளே பந்தயத்தில் 5-வது இடம் பிடித்தார். ஆனால் அடுத்த மாதமே ஜெர்மனியில் மறுபடி விழுந்ததில் பிளேட் வளைந்து, இன்னொரு ஆபரேஷன் செய்ய வேண்டியதானது. பிளேட் வைத்த மறுநாளே எலும்பு சேர்ந்துவிடாது. அதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

புத்தூர் கட்டு போடலாமா?

ஆந்திராவின் புத்தூர் பெயரில் சென்னைப் புறநகரிலும் கட்டு போடும் இடங்கள் உண்டு. 'அங்கே போனேன், சரியாயிடுச்சு' என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. பெரும்பாலானவர்களுக்கு இந்த எலும்பு தானாகவே சேரும் என்பதுதான் விஷயம். ஆபத்து இருப்பது மற்றவர்களுக்கு. காறை எலும்புக்குக் கீழேயே கைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயும் நரம்புகளும் இருக்கின்றன. நுரையீரலின் மேல்முனையும் பக்கத்தில்தான். எக்ஸ்ரே பார்க்காமல் அமுக்குவதும், எண்ணெய் போட்டு நீவுவதும், இறுக்கிக் கட்டுவதும் விபரீதமாகலாம்.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் இல்லாத சிகிச்சை என்பது எளிமையானது. கையை 'ஆர்ம் ஸ்லிங்'கில் தாங்கலாக மாட்டிவிடுவார்கள். முதுகைச் சுற்றிப் போடும் பெல்ட்டும் உண்டு. இரண்டும் ஏறக்குறைய ஒரே பலனைத்தான் தருகின்றன, ஸ்லிங்தான் வசதி. விரல், மணிக்கட்டு, முழங்கையை முதல் நாளில் இருந்தே அசைக்க வேண்டும். ஒன்று, இரண்டு வாரத்தில் மறுபடி எக்ஸ்ரே அவசியம். ஏனென்றால் துண்டுகள் இன்னும் விலகியிருக்கலாம். எலும்பு சேர்ந்த இடத்தில் சின்ன மேடு தங்கிவிடும்.

யாருக்குக் காத்திருக்கவே கூடாது?

• எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தவர்கள்
• எலும்பு முனை குத்தி, தோல் கூடாரம் போல் தூக்கி வெளுத்திருப்பவர்கள்
• கை மரத்துப்போனவர்கள், சில்லிட்டுப்போனவர்கள்
• மூச்சுத் திணறல் உள்ளவர்கள்

இவர்கள் தாமதிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

மற்றவர்களுக்கு, அன்று இரவே முடிவெடுக்க வேண்டிய அவசரம் பொதுவாக இல்லை. ஆபரேஷன் என்றால் முதல் 2, 3 வாரத்துக்குள் செய்வது எளிது. அதாவது இன்னொரு டாக்டரிடம் எக்ஸ்ரேயைக் காட்டிக் கருத்துக் கேட்க நேரம் இருக்கிறது. குழந்தைகளுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் ஸ்லிங்கே போதும்.

டாக்டரிடம் என்ன கேட்கணும்?

• துண்டுகள் முழுதாக விலகிவிட்டதா? எத்தனை துண்டு?
• எலும்பு 2 செ.மீ.க்கு மேல் குறுகிவிட்டதா?
• உடைந்தது நடுவிலா, தோள் பக்கமா? தோள் பக்க உடைவு விலகியிருந்தால் சேராமல் போகும் வாய்ப்பு கூடுதல்.
• என் வேலைக்கு எது பொருந்தும்?

கடைசிக் கேள்வி முக்கியம். தினமும் சிலிண்டர் தூக்குபவரும், டெலிவரி பைக் ஓட்டுபவரும், கம்ப்யூட்டர் முன் உட்காருபவரும் ஒரே எக்ஸ்ரேக்கு வேறு வேறு முடிவெடுக்கலாம். புகை பிடிப்பவர்களுக்கு எலும்பு சேராமல் போகும் ஆபத்து அதிகம். அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

செலவுக்கு என்ன வழி?

சாலை விபத்து என்றால் தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் உண்டு. 2021 டிசம்பர் 18-ல் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை இலவசம். காப்பீட்டு அட்டை இல்லாதவர்களுக்கும், வெளி மாநிலத்தவருக்கும் பொருந்தும். பணம் கட்டும் முன், 'இந்த ஆஸ்பத்திரி 48 திட்டத்துல இருக்கா? இந்த சிகிச்சை அதுல வருமா?' என்று கவுன்ட்டரிலேயே கேட்டுவிடுங்கள். எக்ஸ்ரேயையும் கையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்க அதுதான் முதலில் தேவைப்படும்.